முப்பத்தேழாம் வீட்டில் இரண்டு பேர்

முப்பத்தேழாம் வீட்டில் இரண்டு பேர் இருப்பதாகக் கங்காணி காட்டிய காலையில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மறைத்து வைத்ததாக நினைப்பீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் அப்படித்தான் நினைப்பேன்.

என் பெயர் மோசஸ் தனராஜ். சொந்த ஊர் நாசரேத் பக்கம். கப்பல் எஞ்சின் ரூமில் இருபத்தோரு வருஷம், பிறகு நீலகிரியில் இந்த ஹொன்னட்டி எஸ்டேட்டில் ஆறு வருஷம். சந்தேகம் எனக்குத் தொழில் வியாதி. எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்று நம்புகிறவன் எஞ்சின் பார்க்க லாயக்கில்லை என்று கப்பலில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அதை மனுஷர்களுக்கும் நீட்டிக்கொண்டேன். பாலில் தண்ணீர் இல்லையென்றால் இன்றைக்கு ஏன் இல்லை என்று யோசிப்பேன். கண்ணாடியில் தெரிகிற ஆளையே யார் நீ என்று கேட்கக்கூடியவர் என்று என் மனைவி எஸ்தர் என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

கங்காணி என்றால் ஆள் இல்லை. எஞ்சின் ரூம் சுவரில் ஒரு திரை, அதன் பின்னால் ஒரு கம்ப்யூட்டர். தாத்தா காலத்தில் பெரட்டுக் களத்தில் நின்று கூலியாட்களின் தலையை எண்ணியவருக்குக் கங்காணி என்று பெயர். இதுவும் தலை எண்ணியதால் வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டு ஜனங்கள் அந்தப் பெயரையே இதற்கும் சூட்டிவிட்டார்கள்.

எங்களிடம் இரண்டு கேஸ் எஞ்சின்கள். குழாயில் வரும் வாயுவை எரித்து ஓடும். எரிப்பதில் பாதிகூடக் கரண்ட் ஆகாது, மிச்சமெல்லாம் சூடு. மற்ற இடங்களில் அந்தச் சூட்டை வானத்துக்குத் தானம் செய்துவிடுவார்கள். எங்கள் கம்பெனிக்குத் தானம் பழக்கமில்லை. எஞ்சின் விடும் புகையின் சூடு தேயிலையை உலர்த்தும். எஞ்சினைச் சுற்றிவரும் வெந்நீர் ஃபாக்டரி மாடிக்குப் போய்ப் பச்சை இலையை வாட்டும். அங்கே ஆறி மிஞ்சுகிற வெதுவெதுப்பு, குழாய் வழியாக இறங்கி அறுபத்திரண்டு லைன் வீடுகளையும் சுற்றிவிட்டு எஞ்சினுக்கே திரும்பும்.

தை மாதம் புல்மேல் பனி உறைகிற ஊருக்கு அது பெரிய உபகாரம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குழாய் வந்த கையோடு விறகடுப்புகளை இடித்துவிட்டார்கள். புகைபோக்கிகளைச் சிமெண்ட் வைத்து அடைத்து, வீட்டுக்கு ஒரு கரண்ட் அடுப்பு கொடுத்தார்கள். இனி எந்த வீட்டிலும் நெருப்பு கிடையாது. மார்கழி முதல் தேதி கங்காணியும் வந்து சேர்ந்தது.

மேனேஜர் ஜெயகரை லைனில் பெரிய தொரை என்பார்கள். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலமாகியும் அந்தச் சொல் போகவில்லை. கங்காணி வந்த வாரத்தில் அவர் எஞ்சின் ரூமுக்கு வந்து, இது எப்படி ஆளை எண்ணுகிறது என்று கேட்டார்.

"மனுஷ உடம்பும் ஒரு சின்ன எஞ்சின்தான் சார்" என்றேன். "சோத்தை எரிச்சுச் சூடு விடுது. தூங்குற ஆள் எழுபது வாட். ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு வெந்நீர் அனுப்பணும்னு கண்டுபிடிக்கத்தான் இதை வச்சாங்க. சுவத்துல இருக்கிற வெள்ளைப் பெட்டி அறைச் சூட்டைச் சொல்லும். அதுல குழாய்ச் சூட்டைக் கழிக்கும், கரண்ட் அடுப்புச் சூட்டைக் கழிக்கும். மிச்சம் நிக்கிறது உடம்பு."

"விருந்தாளி வந்துட்டுப் போனா?"

"ஆறு மணி நேரம் தொடர்ந்து சூடு இருந்தாத்தான் ஆளா எடுத்துக்கும். போயிட்டா அரை மணியில தெரிஞ்சிரும்."

ஜெயகர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் உத்தரவு ஒட்டினார்கள். பேர்ப்பதிவில் இல்லாத ஆளை வீட்டில் வைத்திருந்தால் வீடு போய்விடும். அன்றிலிருந்து தினமும் காலையில் எண்ணிக்கையை நான் அவருக்கு அனுப்பவேண்டும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. யாரையும் கேட்க வேண்டாம், யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், எண் மட்டும் போதும் என்பது எனக்கென்றே செய்த ஏற்பாடு மாதிரி இருந்தது.

முப்பத்தேழாம் வீட்டில் வேலாயுதமும் பூரணமும் இருந்தார்கள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். இரண்டு பேருமே கொழுந்து பறிப்பவர்கள். பொங்கல் கழிந்த நாலாம் நாள் வேலாயுதம் நெஞ்சுவலியில் போய்விட்டார். ஒரே மகன் யோகேசன். போன வருஷக் கூலித் தகராறில் முன்னால் நின்று பேசியவன். அதிலிருந்து அவனை எஸ்டேட்டுக்குள் விடக் கூடாது என்று வாட்ச்மேன்களிடம் அவன் படமே இருந்தது. அப்பாவுக்குக் கொள்ளி வைக்க ஒரு பகல் மட்டும் அனுமதித்து, சாயங்காலம் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டார்கள்.

சாவுக்கு வந்த உறவுக்காரர்கள் ஏழாம் நாளோடு கலைந்தார்கள். எட்டாம் நாள் திரையில் வீடு 37, ஆள் 2. ஒன்பதாம் நாளும் இரண்டு. பூரணம் ஒருத்தி என்றால் இன்னொருத்தன் யார்? இதற்கு ஒரு கேள்வியா என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது. பயல் பின்பக்கத் தோட்டம் வழியாக நுழைந்து அம்மா வீட்டிலேயே பதுங்கிவிட்டான் என்று முடிவு கட்டினேன். துப்புக்காக எஸ்டேட் கடையில் விசாரித்ததில், அந்த அம்மாள் ஒரே வாரத்தில் இரண்டு லிட்டர் நல்லெண்ணெய் வாங்கியது தெரிந்தது. தனிக்கட்டைக்கு எதற்கு இரண்டு லிட்டர்? மகனுக்குக் குழம்பும் எண்ணெய்க் குளியலும் தடபுடலாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெயகரிடம் சொன்னேன். ஆளைப் பிடித்தால்தான் செல்லும், எண்ணை மட்டும் வைத்து வீட்டை எடுத்தால் யூனியன்காரன் கோர்ட்டுக்குப் போவான் என்றார். அப்போது ஒரு யோசனையை நான் சொன்னேன். ராத்திரியில் அந்த வீட்டு வால்வை மட்டும் மூடிவிடலாம், பனியில் எத்தனை நாள் தாங்குவான், தானாக வெளியே வருவான்.  அவர், "உங்க இஷ்டம். என்னைக் கேக்காதீங்க" என்று போனை வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மூடினேன், காலை ஆறரைக்குத் திறந்தேன். மறுநாள் மத்தியானம் பூரணம் எஞ்சின் ரூம் வாசலுக்கு வந்து நின்றார். புருஷனுடைய ஸ்வெட்டரைப் போட்டிருந்தார். கை நீளம் அதிகமாக இருந்ததால் மடித்துவிட்டிருந்தார்.

"ஐயா, ராத்திரியெல்லாம் குழா சில்லுன்னு கெடக்குதுங்க. பக்கத்து வீட்டுல நல்லாத்தான் இருக்காம்."

குழாயில் காற்று அடைத்திருக்கும், பார்க்கிறேன் என்றேன். பிறகு, தற்செயலாகக் கேட்பது போல, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன்.

"நான் ஒருத்திதாங்க. வேற யாரு இருக்கா?"

முகத்தில் ஒரு தடுமாற்றமும் இல்லை. இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்கிறாரே என்று எனக்கு வியப்பாக இருந்தது. போய் இரண்டு கம்பளியாகப் போர்த்திக்கொள்ளுங்கள் என்று அனுப்பினேன். அன்றும் மூடினேன். திரை அசையவில்லை, இரண்டு பேர். மூன்றாவது நாளும் மூடினேன். அந்த விடியலில் வண்டிக் கண்ணாடிகளில் பனி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது.

காலை ஆறரைக்கு நான் வால்வைத் திறந்தபோது திரையில் வீடு 37, ஆள் 1. பயல் ஓடிவிட்டான். மூன்று மணி நாற்பதுக்கு எண் மாறியிருந்தது. ஜெயகருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, ஒரு டீயும் குடித்துவிட்டு, ஒன்பது மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். அவன் விட்டுப்போன துணிமணி ஏதாவது கிடைத்தால் நல்லது என்று எண்ணம்.

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. உள்ளே வேலாயுதத்தின் கட்டில் இருந்த இடத்தில் ஒரு பெரிய பித்தளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் எண்ணெய்ப் பாட்டில். விளக்கை ஒட்டியபடி சுவரில் சாய்ந்து, கம்பளிக்குள் பூரணம் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டேன். தோளைத் தொட்டேன், விறைத்துப்போயிருந்தது. பிறகு நான் செய்ததை எஸ்தரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. மூலையில் இருந்த இன்னொரு கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். கதவுக்குப் பின்னால் பார்த்தேன். அப்போதும் நான் அந்த இரண்டாவது ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து அழத் தொடங்கிய பிறகு எஞ்சின் ரூமுக்கு ஓடினேன். திரையில் இன்னும் ஆள் 1 என்றே இருந்தது. அங்கே உயிரோடு யாரும் இல்லை என்பதை என் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், ஆனாலும் ஆள் 1. அந்த எண்ணைப் பார்த்தபடி நின்றபோதுதான் எனக்கு அந்த விளக்கு ஞாபகம் வந்தது.

எங்கள் வீட்டுச் சாவுகளில் மெழுகுவத்தியோடு சரி. இவர்களிடம் வேறு வழக்கம். இறந்தவர் படுத்திருந்த இடத்தில் விளக்கு ஏற்றினால், பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை அது அணையக் கூடாது. அணைந்தால் போகிறவருக்கு வழி தெரியாமல் போய்விடும் என்பார்கள். சாயங்காலம் சாமிக்கு ஏற்றுகிற விளக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், அதைக் கங்காணி கண்டுகொள்ளாது. இது இரவும் பகலும் எரிகிற விளக்கு. பழைய ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு ஆறு, ஏழு கிராம் எண்ணெய். அறுபது, எழுபது வாட். தூங்குகிற ஓர் ஆள்.

வீட்டில் நெருப்பே இல்லை என்று கங்காணிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் அது நெருப்பை மனுஷன் என்று எடுத்துக்கொண்டது. மூன்று நாற்பதுக்குப் போனது பூரணம், மிச்சம் இருந்தது விளக்கு. யோகேசன் கொள்ளி வைத்துவிட்டுப் போன பிறகு அந்த வீட்டுப் பக்கம் வரவே இல்லை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் ராத்திரி ஷிப்டில் இருந்தான்.

ஜெயகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதறவில்லை. பதிவை நிதானமாக மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"மோசஸ், இங்க பாருங்க. வால்வு திறந்தது ஆறரை. ஏழு மணிக்கு ஆள் ஒண்ணு. எட்டு மணிக்கும் ஒண்ணு. வெதுவெதுன்னு இருந்த வீட்ல, உயிரோட இருந்த அம்மா, வயசாகி இறந்துபோயிருக்காங்க. மூணு நாப்பதுக்கு யாரோ ஒருத்தன் வெளியே போயிருக்கான். இதுல உங்களுக்கு என்ன பிரச்சினை?"

விளக்கு என்று தொடங்கினேன்.

"எந்த விளக்கு? பதிவுல விளக்கு இல்லையே."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. அந்த விளக்கு ஆளாகவே இருக்கிறவரை நானும் தப்பிக்கலாம், அவரும் தப்பிக்கலாம். போகும்போது இன்னொன்றும் சொன்னார். திங்கட்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஆள் வந்து கங்காணிக்குப் புது புரோகிராம் போடப் போகிறான், அதற்குப் பிறகு இந்த மாதிரிக் குழப்பமெல்லாம் வராது. அதாவது, அதற்குப் பிறகு விளக்கை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. பயம்தான், வேறென்ன. ஐம்பத்தெட்டு வயதில் ஜெயிலுக்குப் போவதை நினைத்துத்தான். ஆனால் கண்ணை மூடினால் அந்த மடித்துவிட்ட ஸ்வெட்டர்க் கை தெரிந்தது, அதைத்தான் தாங்க முடியவில்லை.

யோகேசன் அதற்குள் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்திருந்தான். சூட்டை நிறுத்தி என் அம்மாவைக் கொன்றுவிட்டார்கள் என்று எழுதியிருந்தான். ஜனங்கள் வீட்டில் இருக்கும் நாள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விசாரணை என்றார்கள். காரியம் முடியும்வரை முப்பத்தேழாம் வீட்டில் தங்க அவனுக்குப் போலீஸ் அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தது. சனிக்கிழமை காலை நான் அங்கே போனேன். இப்போது இரண்டு விளக்குகள் எரிந்தன. நான் நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை சொல்லி முடித்தேன்.

அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அவன் அடிக்கவில்லை. விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு நிமிர்ந்தான்.

"உங்களத் தொரை அனுப்புனாரா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "நான் ஏன் நம்பணும்? லைனையே வேவு பாத்த ஆளு நீங்க."

நம்ப வேண்டாம், சோதித்துப் பார் என்றேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு எத்தனை வீட்டில் முடியுமோ அத்தனை வீட்டில் ஒரு பெரிய விளக்கு ஏற்றி வையுங்கள். மத்தியானம் ஒரு மணிக்குள் கங்காணி அவற்றையெல்லாம் ஆளாக எண்ணிவிடும். விசாரணைக்கு வருகிறவர் தன் கண்ணால் பார்க்கட்டும். திங்கட்கிழமை ஆகிவிட்டால் இதைச் செய்ய முடியாது.

அவன் யோசித்தான். "சரி. வீடு வீடாப் போயி சொல்றது என் பொறுப்பு. ஆனா ஒண்ணு. தொரை சொல்லித்தான் மூடுனேன்னு நீங்க சொல்லணும். அதுக்குத்தான் சனங்க ஏத்துவாங்க. உங்களப் புடிச்சு உள்ள போடுறதுக்கு இல்ல."

நான் பதில் சொல்லவில்லை. அதை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

எல்லோரும் ஏற்றவில்லை. வீட்டில் நெருப்பு வைத்தார்கள் என்று காலி பண்ணச் சொல்லவே மோசஸ் போட்ட திட்டம் இது என்று சிலர் சொன்னார்களாம். என்னைத் தெரிந்தவர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள். ஆனாலும் பலர் ஏற்றினார்கள்.

விசாரணை அதிகாரி மெஹருன்னிசா ஒரு மணிக்கு எஞ்சின் ரூமுக்கு வந்தார். அதிகம் பேசாத, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பெண்மணி. ஜெயகர் பதிவை அச்செடுத்துத் தயாராக வைத்திருந்தார். கங்காணி தப்பே செய்யாது, இப்போதுகூடப் பாருங்கள் என்று அவரே அதிகாரிக்குத் திரையைக் காட்டினார். காலையில் எஸ்டேட்டில் இருநூற்று மூன்று பேர். இப்போது இருநூற்று நாற்பத்து நான்கு.

ஜெயகரின் முகம் மாறியது. வெளியாட்கள் நாற்பத்தோரு பேர் புகுந்திருக்கிறார்கள், இந்த யோகேசன் ஆள் திரட்டியிருக்கிறான் என்று வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கேட்டைச் சாத்தச் சொன்னார். அதிகாரி எழுந்தார்.

"வாங்க, அவங்களப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

எண்ணிக்கை கூடியிருந்த ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அதிகாரி குனிந்து நுழைந்து, வெளியாளுக்குப் பதில் ஒரு விளக்கைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். பத்தாவது வீட்டோடு போதும் என்று நிறுத்திக்கொண்டு, அங்கேயே லைன் வாசலில் ஒரு நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். ஜனங்கள் சுற்றி நின்றார்கள். ஜெயகர் ஒதுங்கி நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குக் காலைல ஏழு மணிக்கு முப்பத்தேழாம் வீட்ல இருந்த ஒண்ணு?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"விளக்கு, மேடம்."

"அப்போ அந்தம்மா?"

"மூணு நாப்பதுக்கு இறந்திருக்கணும். அப்போ வால்வு மூடியிருந்துச்சு."

"மூடினது யாரு?"

"நான்."

"யார் சொல்லி?"

யோகேசன் என் எதிரில்தான் நின்றான். லேசாகத் தலையை அசைத்தான். ஒரு வார்த்தை போதும், ஜனங்கள் அதற்காகத்தான் காலையிலிருந்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஜெயகர் நல்ல மனுஷர் இல்லை, அவருக்காக நான் ஒரு துளி வருத்தப்படவில்லை. ஆனால் அந்த யோசனை என் மண்டையில் பிறந்தது. அதை வேறொருத்தர் தலையில் வைத்தால் பூரணம் செத்தது எப்படி என்பது மறுபடியும் யாருக்கும் தெரியாமல் போகும்.

"யாரும் சொல்லல மேடம். நானா யோசிச்சு நானா மூடினேன். இவர்கிட்டச் சொன்னேன். உங்க இஷ்டம், என்னைக் கேக்காதீங்கன்னாரு. அவ்வளவுதான்."

ஜெயகர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். யோகேசன் ஓரடி முன்னால் வந்தான். சத்தம் போடவில்லை.

"எப்பங்க உங்கள விலைக்கு வாங்குனாங்க?" என்றான். "நேத்து ராத்திரியா?"

இல்லை என்றேன்.  அவனுக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அது எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. என் ஆயுசில் பாதி நான் எதிரே வந்தவர்களை எல்லாம் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிட்டு அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாமல் இருந்தது.

அதிகாரி காகிதத்தை என் பக்கம் நீட்டினார். வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.